மறு: மறு: டூ-வே சுவிட்சுக்குத் தமிழ்ல என்ன? (வெள்ளிக்குள்ள வேணும்)

வணக்கம். சுவிட்ச்போர்டு கையேடு ஒண்ணு தமிழ்ப்படுத்தறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. மாடிப்படிக்குக் கீழ ஒண்ணு மேல ஒண்ணு, ரெண்டுலயும் ஒரே லைட்டப் போட்டு அணைக்கறது. மூலம் அமெரிக்காவுது, அதுல 'த்ரீ-வே'ன்னு இருக்கு, இங்க பெங்களூர்ல எலக்ட்ரீசியன் அதையே 'டூ-வே'ங்கறார். மூவழியா இருவழியா?

---

> மூவழியா இருவழியா?

அவங்க வயர் மாட்டற முனைய எண்றாங்க சார், நாம பாதைய எண்றோம். காமன்ங்கற பொது முனை ஒண்ணு, அதுலேர்ந்து பிரியறது ரெண்டு. மூவழின்னு அச்சடிச்சா படிக்கறவர் மூணு இடத்துக்குன்னு நெனச்சுடுவார். மூணு இடம்னா நடுவுல நாலு முனை உள்ள இன்டர்மீடியட் சுவிட்ச் வரணும், அது ரெண்டு வயரையும் குறுக்கால மாத்தி விடும், அமெரிக்காவுல அதுதான் 'ஃபோர்-வே'. நாலு இடம்னா நடுவுல ரெண்டு, ஓரத்துல எப்பவும் இந்த டூ-வேதான். என் ஓட்டு இருவழிச் சொடுக்கி.

---

சொடுக்கிங்கற பேர் கம்ப்யூட்டர் மவுசுக்குப் போயாச்சு ஐயா. இலங்கைப் பாடப்புத்தகத்துல சுவிட்ச்னா ஆளி. ஆள்வது ஆளி. யகர உடம்படுமெய் வந்து இருவழியாளி, உள்ளயே யாளி ஒளிஞ்சிருக்கு பாருங்க, கோயில் படிக்கட்டுல ரெண்டு பக்கமும் யாளி நிக்கறது சும்மாவா?

---

நாளைக்கு யாளிலேர்ந்துதான் சுவிட்சே வந்துதும்பீங்க :-) எங்க வீட்டுல ஆளின்னா ஆளிவிதைப் பொடி. பெங்களூர் எஸ்.பி. ரோட் எலக்ட்ரிக் கடைகள்ல தமிழ்க் கடைக்காரர்கிட்டயே இருவழியாளி கேட்டுப் பாருங்க, மேலயும் கீழயும் பாப்பார்.

---

டெல்லிலேர்ந்து எழுதறேன், இங்க பகீரத் பேலஸ் எலக்ட்ரிக் மார்க்கெட்லயும் அதே கதிதான், அது கிடக்கட்டும். ரெண்டு சுவிட்சுக்கும் நடுவுல ஓடற ஜோடி வயருக்கு யாரும் பேர் வைக்கலியே? தூதுக்கம்பி! அன்னத்தையும் கிளியையும் தூது விட்ட மொழி, கம்பிய விடக்கூடாதா?

---

அண்ணா, அழகாத்தான் இருக்கு. ஆனா பேஸ், அதாவது கரண்ட் வர்ற வயர், முதல் சுவிட்சோட காமன்ல இருக்கறவரைக்கும் அந்த ரெண்டுல ஏதாவது ஒண்ணுல எப்பவும் கரண்ட் இருக்கும், லைட் அணைஞ்சிருந்தாலும். எச்சரிக்கைப் பக்கத்துல அத மொதல்ல போடுங்க, இல்லேன்னா தொட்டவர்தான் தூது போகணும்.

---

எச்சரிக்கை சேத்துட்டேன், நன்றி. நடுவுல வர்ற இன்டர்மீடியட்டுக்கு 'இடை'ன்னதும் யாரும் சண்டைக்கு வரல, ஆச்சரியம். மத்தபடி பெரும்பாலானவங்க அலுத்துப்போய் சரின்னதால 'இருவழி சுவிட்ச்', 'இடை சுவிட்ச்'னு அனுப்பறேன்.

---

ஆளிய விட்டதுக்கு என் மறுப்பப் பதிவு பண்ணிக்கோங்க. சுவிட்சுதான்னா ஒற்றாவது போடுங்க: இருவழிச் சுவிட்ச். கடன்சொல்லுக்கு எதுக்கு ஒற்றுன்னு கேக்கறவங்க தனி இழைக்கு வாங்க.