"எங்க வீட்ல விக்கிரகமே இல்லையே, டீச்சர்?"

ஓய்வுநாள் பள்ளி டீச்சர், பாளையங்கோட்டை:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபைச் சேகரத்தில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன். போன ஞாயிறு பத்துக் கட்டளையில் முதல் இரண்டு: வேறே தெய்வம் வேண்டாம், விக்கிரகம் செய்யாதே. இஸ்ரவேலர் நகையை உருக்கிச் செய்து கும்பிட்ட பொன் கன்றுக்குட்டி கதையைச் சொல்லி முடித்ததும் முன்வரிசைப் பையன் எழுந்தான். "டீச்சர், நாங்க நாலு தலைமுறையா வேதக்காரங்க. எங்க வீட்ல விக்கிரகமே கிடையாது. இந்தக் கட்டளை எங்களுக்கு எதுக்கு?"

வழக்கமான பதிலைத்தான் சொன்னேன். பணம், டிவி, செல்போன் எல்லாமே விக்கிரகம் ஆகலாம் என்று. என் சின்ன வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சினிமா, கிரிக்கெட் என்றார். நான் சினிமாவை எடுத்துவிட்டு செல்போனைப் போட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். பின்னாலிருந்து ஒரு பெண் பிள்ளை, "அப்போ எங்க அம்மாவுக்கு லாக்கர் சாவியா டீச்சர்?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. மகளுக்குத் தை மாதம் கல்யாணம். நாலு மாதமாகக் காலையில் கண் விழித்ததும் நான் பார்ப்பது தங்கம் ரேட். வேதம் வாசிப்பது அதற்கு அப்புறம்தான். ரேட் இறங்கினால் வாய்விட்டே "ஸ்தோத்திரம்" என்கிறேன். இரண்டு நாள் தொடர்ந்து ஏறினால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. எங்கள் முன் அறைச் சுவரில் "நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்" வசனம் மாட்டியிருக்கிறது. சம்பந்தி வீட்டாரோடு எத்தனை பவுன் என்று பேசி முடித்தது அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான். "நாங்க ஒண்ணும் கேக்கல, உங்க பிள்ளைக்கு நீங்க போடுறது" என்றார்கள். அப்படிச் சொன்னால் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும்.

அந்தப் பையனுக்கு என்ன பதில் சொல்ல? நகைமேல் ஆசைப்படுவதும் அதைக் கும்பிடுவதும் ஒன்றா? ரேட் பார்ப்பதை எல்லாம் விக்கிரகாராதனை என்றால் நம் ஊரில் யார் தப்புவது?

ஓய்வுபெற்ற வாத்தியார், தரங்கம்பாடி:

அம்மா, கன்றுக்குட்டியை விடுங்கள். அதைக் கேட்டதும் பிள்ளைகள் "அது அவர்கள்" என்று ஒதுங்கிவிடுவார்கள். வேதத்தில் நியாயாதிபதிகள் 8 எடுங்கள்.

கிதியோன் யார்? 6ஆம் அதிகாரத்தில் சொந்தத் தகப்பன் பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு வைத்திருந்த பீடத்தையே இராத்திரியில் இடித்தவன். எதிரிகளான மீதியானியரை ஜெயித்து வந்ததும் ஜனங்கள் "நீர் எங்களை ஆளும்" என்கிறார்கள். "நான் ஆளமாட்டேன், கர்த்தரே ஆளுவார்" என்று அருமையாகப் பதில் சொல்கிறான். சொன்ன கையோடு, கொள்ளையில் கிடைத்த கடுக்கன்களை ஆளுக்கொன்று கொடுங்கள் என்று கேட்கிறான். ஒரு வஸ்திரத்தை விரிக்கிறார்கள், கடுக்கன்கள் வந்து விழுகின்றன. 1,700 சேக்கல் பொன், சேக்கல் என்பது அந்தக் கால எடை. ஒரு சேக்கலுக்கு 11 கிராம் என்று வைத்தாலும் பதினெட்டரைக் கிலோவுக்கு மேல். பவுன் கணக்கில் 2,300ஐத் தாண்டும். பையன்களையே போர்டில் கணக்குப் போடச் சொல்லுங்கள், ஒருத்தனும் தூங்கமாட்டான்.

அந்தப் பொன்னில் அவன் பாகாலைச் செய்யவில்லை. ஏபோத்தைச் செய்தான். ஆசாரியன் போடுகிற உடுப்பு, சுத்தமான ஆலயச் சாமான்! அதைத் தன் ஊரான ஒப்ராவில் வைத்தான். இஸ்ரவேல் முழுவதும் அதன் பின்னால் போனது, அவன் வீட்டுக்கே அது கண்ணியானது. "விக்கிரகமே இல்லாத வீடு" என்று சொல்ல அவனைவிடத் தகுதி யாருக்கு உண்டு?

சுவர் வசனத்தில் "சேவிப்போம்" என்ற சொல்லையும் கவனியுங்கள். சேவிப்பதில் கும்பிடுவதும் இருக்கிறது, சேவகம் செய்வதும் இருக்கிறது. கையெடுத்துக் கும்பிட்டால்தான் ஆராதனை என்றில்லை, அதற்காக ஓடியாடி உழைத்தாலும் ஆராதனைதான்.

நான் லூத்தரன் சபைக்காரன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபைக்குப் பேர் தந்த லூத்தர் 1529இல் எழுதிய 'பெரிய ஞானோபதேசம்' என்ற உபதேசப் புத்தகத்தில், உன் நெஞ்சு எதைப் பற்றிக்கொண்டு நம்பியிருக்கிறதோ அதுதான் உன் தெய்வம் என்கிறார். பணம் இருப்பவன் பரதீசில் இருப்பதுபோலத் தைரியமாக இருக்கிறான், இல்லாதவன் கடவுளே இல்லாதவன்போலச் சோர்ந்துபோகிறான் என்றும் எழுதுகிறார். உங்களுக்குச் சோறு இறங்காத கதை அப்படியே அங்கே இருக்கிறது. ரேட் பார்ப்பதில் தப்பில்லை. நெல் விலை நானும் பார்க்கிறவன்தான். சோறு இறங்காதபோதுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

'வசனம் மட்டும்' என்ற பெயரில் ஒருவர்:

இவ்வளவு சுற்ற வேண்டாம். யாத்திராகமம் 20 தெளிவாக இருக்கிறது. சொரூபம் செய்யாதே, அவ்வளவுதான். சிலை வைத்திருக்கும் சபைகள் பதில் சொல்லட்டும்.

முத்துநகர்க்காரன், தூத்துக்குடி:

சொல்கிறேன் அண்ணே. நான் கத்தோலிக்கன், பனிமய மாதா கோயில் மணி கேட்டு வளர்ந்தவன். ஆராதனை கடவுளுக்கு மட்டும், மாதாவுக்கும் புனிதர்களுக்கும் வணக்கம். 787இல் நிசேயாவில் கூடிய திருச்சபைச் சங்கமே இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிட்டது. நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டாம், தெரிந்துகொண்டால் போதும்.

ஆனால் டீச்சர் அக்கா கேட்டது சிலையைப் பற்றி இல்லை. வெண்கலப் பாம்பை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணாகமம் 21இல் அதைச் செய்யச் சொன்னதே கடவுள். பாம்பு கடித்தவன் அதை நோக்கிப் பார்த்தால் பிழைத்தான். பல தலைமுறை கழித்து எசேக்கியா ராஜா அதை உடைக்கிறார், 2 இராஜாக்கள் 18:4. அதுவரை ஜனங்கள் அதற்குத் தூபம் காட்டியிருக்கிறார்கள். 'நிகுஸ்தான்' என்று பேர் வைத்தார், வெறும் வெண்கலம் என்கிற மாதிரி. ஒரு காலத்தில் உயிர் காத்ததுதான் அப்படி ஆனது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பத்து வருடம் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினேன். கேட்டதெல்லாம் விசா, விசா, விசா. வந்ததும் கோயில் பக்கம் போகவில்லை. அதில் மாதாவுக்கு ஒரு பங்கும் இல்லை அக்கா, நான் கும்பிட்டது விசாவைத்தான். அண்ணனுக்கு ஒன்று: பொருளாசையே விக்கிரகாராதனை என்று கொலோசெயர் 3:5 சொல்கிறது. அதற்குச் சிலை வேண்டியதில்லையே.

போன வருடம் கல்யாணமானவள்:

ஆன்ட்டி, எனக்குப் போட்ட நகையை நான் இரண்டு முறைதான் போட்டேன். மீதி நாளெல்லாம் லாக்கரில். அப்பா வாங்கின கடன் மட்டும் லாக்கரில் இல்லை, மாதாமாதம் வட்டிக்கு வெளியே வருகிறது. உங்கள் மகளிடம் கேட்டீர்களா?

ஓய்வுநாள் பள்ளி டீச்சர்:

கேட்கவில்லை என்பது இதைப் படித்தபோதுதான் உறைத்தது. நேற்று ராத்திரி கேட்டேன். "பாதி போதும்மா. என்னை இதுவரை யாரும் கேக்கவே இல்லையே" என்றாள். அவள் அப்பா, "பேசின பேச்சை மாத்தச் சொல்றியா?" என்று எழுந்து போய்விட்டார். சம்பந்தி அம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று இன்னும் தெரியவில்லை. சனிக்கிழமை எங்கள் சபைப் போதகர் ஐயரைப் பார்க்கப் போகிறோம், அவள் அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வாத்தியார் ஐயா, இன்று காலை போனை அடுப்படியில் வைத்துவிட்டு நியாயாதிபதிகள் 8 முழுவதும் வாசித்தேன். பொய் சொல்லக்கூடாது, பத்து மணிக்கு ரேட்டும் பார்த்தேன். ஏறியிருக்கிறது. ஆனால் மத்தியானம் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனைத்தான் போர்டுக்குக் கூப்பிடப் போகிறேன். 1,700 சேக்கலைப் பவுனாக்கி, அன்றைய விலையால் பெருக்க வேண்டும். ரேட் எவ்வளவு என்று அவன் கேட்டால், டீச்சருக்கே தெரியும் என்று பின்வரிசைப் பெண் சொல்லிவிடுவாள் என்றுதான் பயமாக இருக்கிறது.