ஐ5, 16 ஜிபி, 19,500 ரூபாய்: வாங்கலாமா? (அவசரம்)

திண்டுக்கல்_தந்தை | வியாழன், இரவு 9.10

வணக்கம். வீட்டுக்கு ஒரு கணினி வாங்க வேண்டும். மதுரையில் ஒரு கடையில் ஐ5 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் சேர்த்து 19,500 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார்கள். 2,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். நாளை மாலைக்குள் மீதியைக் கட்டாவிட்டால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். விலை நியாயமானதுதானா என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பட்டறைக்காரன் | இரவு 9.18

ஐ5 என்றால் எத்தனையாவது தலைமுறை? ஐ5 என்ற பெயர் 2009 முதல் இருக்கிறது. தலைமுறையைச் சொல்லாமல் விலை கேட்பது, வண்டியின் ஆண்டைச் சொல்லாமல் பழைய வண்டிக்கு விலை கேட்பதைப் போன்றது.

கணக்கர்_மாமா | இரவு 9.26

ஐயா, யாருக்காக வாங்குகிறீர்கள், என்ன வேலைக்கு என்று நீங்கள் சொல்லவே இல்லையே. ஜிஎஸ்டி பில் தருகிறார்களா? ஓராண்டு உத்தரவாதம் ஏதும் உண்டா? உண்டென்றால் அது கடையுடையதா, தயாரிப்பாளருடையதா?

மூத்த_உறுப்பினர் | இரவு 9.41

இதே கேள்விக்கு இந்தப் பகுதியில் எத்தனை முறை விடை எழுதியிருக்கிறேன் என்று எனக்கே நினைவில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் தேடிப் பார்த்திருந்தால் இந்த இழைக்கே வேலையில்லை. ப்ராசஸரின் முழு எண், மதர்போர்டின் பெயர், ரேம் எந்த வகை, பெட்டிக்குள் மின்சாரம் தருகிற எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் ஆகிய நான்கும் இல்லாமல் எதுவும் சொல்வதற்கில்லை.

சென்னை_சில்லு | இரவு 9.55

விவரம் வருவதற்கு முன்பே என் ஊகத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னை ரிச்சி தெருவில் இத்தகைய பெட்டிகளை வாரம் தவறாமல் பார்க்கிறேன். வெளியே புத்தம் புதிய கேபினெட், பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே வண்ண விளக்கு எரியும் மின்விசிறி. மதர்போர்டும் புதியதுதான், ஆனால் பழைய வகை ப்ராசஸருக்காக இப்போதும் தயாராகி வருகிற மலிவான பலகை. அதன்மேல் உட்கார்ந்திருப்பது ஏதோ ஓர் அலுவலகக் கணினியிலிருந்து கழற்றிய 2012ஆம் ஆண்டின் ஐ5-3470. விற்பவர் பொய் சொல்லவில்லை, அதுவும் ஐ5தான். ஐ5க்குக் கீழ்வரிசையான இன்றைய ஐ3 ஒன்று அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமானது என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

நாளை கடையில் கணினியை இயக்கச் சொல்லி, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போனால் ப்ராசஸரின் முழுப் பெயர் வலது மேல் மூலையில் தெரியும். நான்கு இலக்க எண்ணாக இருந்தால் முதல் இலக்கமே தலைமுறை. 8500 என்றால் எட்டாவது. ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டு இலக்கங்கள். 12400 என்றால் பன்னிரண்டாவது. அங்கேயே மெமரியை அழுத்துங்கள். வேகம் 1333 அல்லது 1600 என்று காட்டினால் அது டிடிஆர்3 என்ற பழைய வகை ரேம். நாளை புதுப் பெட்டிக்கு மாறும்போது அந்த ரேம் எதற்கும் பொருந்தாது. இவ்வளவுக்கும் இரண்டு நிமிடம் போதும்.

மின்தச்சன் | இரவு 10.12

எல்லோரும் ப்ராசஸரையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். இத்தகைய பெட்டிகளில் முதலில் பழுதாவது எஸ்எம்பிஎஸ்தான், போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். கையில் எடுத்துப் பாருங்கள். 450 வாட் என்று ஒட்டியிருக்கும், எடையோ ஒரு செங்கல்லில் பாதிகூட இராது.

பட்டறைக்காரன் | இரவு 10.20

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கணினி 100 வாட்டுக்கு மேல் இழுப்பதே அரிது. நீங்கள் எந்த இழையிலும் எஸ்எம்பிஎஸ்ஸை விடுவதில்லை.

மின்தச்சன் | இரவு 10.24

எத்தனை வாட் இழுக்கிறது என்பது என் பேச்சே இல்லை. மின்சாரம் போய்ப் போய் வருகிற ஊரில், வரும்போது கூடிக் குறையும் அழுத்தத்தைத் தாங்குகிறதா என்பதுதான் கேள்வி.

திண்டுக்கல்_தந்தை | இரவு 10.48

மகள் பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பாடம். என் வேலைக்குக் கணக்கு எழுதும் டேலி மென்பொருளும் வேண்டும். பில் வேண்டுமென்றால் 18 சதவீதம் கூடுதலாகும் என்றார்கள்; ஓராண்டு உத்தரவாதம் கடையுடையது. தலைமுறையைக் கேட்டேன், லேட்டஸ்ட் என்றார்கள்.

கணக்கர்_மாமா | இரவு 11.02

பில் இல்லாத 19,500, பில்லோடு 23,010 ஆகிறது. அந்தத் தொகையையே விலை என்று வைத்துக்கொண்டு மற்றவற்றோடு ஒப்பிடுங்கள். எஸ்எஸ்டி, மானிட்டர் போன்றவற்றுக்குத் தயாரிப்பாளர் தருகிற உத்தரவாதத்தைக் கேட்கப் போனால் வாங்கிய பில்லைத்தான் முதலில் கேட்பார்கள். கடை உத்தரவாதம் கடை இருக்கும்வரைதான்.

லினக்ஸ்_நேசன் | இரவு 11.15

பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் பைத்தான் நிரல்மொழியும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும்தான். இவை இரண்டும் எந்தப் பழைய பெட்டியிலும் ஓடும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக்கொண்டால் இந்தச் சர்ச்சையே தேவையில்லை.

கணக்கர்_மாமா | இரவு 11.19

டேலி என்று அவர் எழுதியதைப் படித்தீர்களா? அது விண்டோஸுக்கானது. வேறு வழிகளில் ஓட்டலாம் என்று சொல்ல வராதீர்கள், மாதக் கடைசியில் கணக்கை முடிக்க வேண்டியவருக்கு அந்த வழிகள் உதவா.

சென்னை_சில்லு | இரவு 11.37

விண்டோஸ் என்று வந்துவிட்டதால் ஒன்றைச் சேர்க்கிறேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது இன்டெலில் எட்டாவது தலைமுறை முதல், அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. பழைய பெட்டியில் குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறார்கள், ஓடவும் ஓடும். ஆனால் புதுப்பிப்புகள் வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தருவதில்லை. வங்கிக் கணக்கையும் வரிக் கணக்கையும் அதில் திறப்பவர் இதை யோசிக்க வேண்டும்.

இதே தொகைக்கு, பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்ட எட்டாவது தலைமுறை டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் பெட்டிகளில் ஒன்றைப் புதுப்பித்த நிலையில் தேடுங்கள். ஐ5-8500 ஆறு கோர் கொண்டது. இன்னும் சில ஆண்டுகளுக்குத் தாங்கும்.

மூத்த_உறுப்பினர் | இரவு 11.52

அந்தச் சிறிய அலுவலகப் பெட்டிகளின் எஸ்எம்பிஎஸ் அவற்றுக்கென்றே செய்யப்பட்டது என்பதையும், பழுதானால் தெருமுனைக் கடையில் கிடைக்காது என்பதையும் சொல்லாமல் பரிந்துரைப்பது அரைகுறை அறிவு. புதிதாக ஐ3-12100 வைத்து அசெம்பிள் செய்வதுதான் முறை.

மின்தச்சன் | இரவு 11.55

இப்போது மட்டும் எஸ்எம்பிஎஸ் முக்கியமாகிவிட்டதா?

சென்னை_சில்லு | வெள்ளி, காலை 6.30

மூத்தவர் சொல்வது உண்மை, நான் அதைக் குறிப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் 2025 இறுதியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்துக்குப் பின் அவர் சொல்கிற புதுப் பெட்டி மானிட்டரோடு 30,000 ரூபாயைத் தாண்டிவிடும். கையில் 20,000 வைத்திருப்பவரிடம் அதைச் சொல்லி என்ன பயன்? பழைய பெட்டியிலும் 8 ஜிபி ரேமோடு தொடங்கலாம், பைத்தானுக்கும் டேலிக்கும் அது போதும். மானிட்டரின் பின்னாலும் ஒரு முறை பாருங்கள். பழைய விஜிஏ இணைப்பு மட்டுமே இருந்து எச்டிஎம்ஐ இல்லையென்றால் அதுவும் பழையதாக இருக்கலாம்.

மூத்த_உறுப்பினர் | காலை 7.05

இரண்டு முறை மலிவாக வாங்குகிறவர் ஒரு முறை நல்லதை வாங்குகிறவரைவிட அதிகம் செலவழிக்கிறார். இதற்கு மேல் நான் விவாதிப்பதாக இல்லை.

பட்டறைக்காரன் | காலை 7.11

போன வாரமும் இதையேதான் சொன்னீர்கள், பிறகு பதினொரு பதிவு எழுதினீர்கள். திண்டுக்கல் ஐயா, கடைக்குப் போனீர்களா?

திண்டுக்கல்_தந்தை | வெள்ளி, இரவு 8.22

போனேன். நீங்கள் சொன்னபடி மகளே மூன்று விசைகளையும் அழுத்தினாள். ஐ5-3470 என்றும், மெமரி வேகம் 1600 என்றும் காட்டியது. கடைக்காரர் எதுவும் பேசவில்லை. முன்பணத்தைத் திருப்பித் தர முடியாது, வேறு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றதால் 2,000 ரூபாய்க்கு ஒரு யுபிஎஸ் எடுத்து வந்தோம். கணினியை அடுத்த மாதம் பார்க்க வேண்டும். அனைவருக்கும் நன்றி.

கணக்கர்_மாமா | இரவு 8.40

யுபிஎஸ்ஸுக்காவது பில் வாங்கினீர்களா?

மின்தச்சன் | இரவு 8.43

அந்த யுபிஎஸ்ஸின் உள்ளே இருக்கிற பேட்டரி எந்த ஆண்டு, எந்த மாதம் தயாரானது என்று பார்த்தீர்களா ஐயா?

மின்தச்சன் | ஞாயிறு, காலை 10.15

ஐயா?