பச்சைத் துண்டுக்காரர்களோடு பழகியவர்கள் சொல்லுங்க

போச்சம்பள்ளி மாந்தோப்பு:
விவசாயச் சங்கத்தில் தலைவராக இருந்து, எதிர்க்கட்சி ஆளாகத் தேர்தலிலும் நின்றவர்களோடு பழகியவர்கள் எழுதுங்க. நானே ஆரம்பிக்கிறேன். எங்க பெரியப்பா, தமிழக விவசாயிகள் சங்கத்தை நடத்திய சி. நாராயணசாமி நாயுடு காலத்து ஆள். 1970-ல் மோட்டார் கரண்டை யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசா ஆக்கியதும் கோவைப் பக்கம் கிளம்பிய போராட்டம், பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு மூன்று விவசாயிகள் செத்தது, 1972-ல் மாட்டுவண்டிகளைக் கொண்டுபோய் கோவை நகரத்தையே அடைத்தது எல்லாம் அவர் வாயால் கேட்டதுதான். ஆனால் 1982-ல் நாயுடு கட்சி ஆரம்பித்ததை மட்டும் பெரியப்பா கடைசிவரை ஒத்துக்கவே இல்லை. "சங்கம்னா எல்லாக் கட்சிக்காரனும் வந்து உக்காந்தான், கட்சின்னு ஆனதும் அவனவன் கொடியப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டான்" என்பார். 1984 டிசம்பரில் தேர்தல் பிரசாரத்துக்குப் போன இடத்தில், கோவில்பட்டியில், நாயுடு இறந்துவிட்டார். எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது அதற்கு ஐந்தாறு வருஷம் கழித்து. 1970-ல் யார் ஆட்சியில் சுட்டார்களோ அதே கருணாநிதி ஆட்சியில்தான் வந்தது என்பது இன்னொரு கூத்து.

அரூர்க்காரன்:
உங்க பெரியப்பா சொன்னதை நான் கண்ணால பார்த்தேன். 2018-ல் சென்னை-சேலம் எட்டுவழிச் சாலைக்கு எங்க பக்கம் அளவுக்கல் நட வந்தப்போ முதலில் ஓடி வந்தவர் ஒரு சங்கத் தலைவர், அதற்கு முன்னாடி தேர்தலில் நின்று டெபாசிட்டையும் விட்டவர். கத்துவார்னு நினைச்சோம். மனுஷன் திண்ணையில் உட்கார்ந்து, "அழுதது போதும்மா, சிட்டா அடங்கல எடுத்தாங்க" என்று நிலக் கணக்குத் தாள்களைக் கேட்டு, சர்வே நம்பர் வாரியா ஆட்சேபணை மனு எழுத வைத்தார், பொழுது சாயும்வரை டீயைத் தவிர ஒன்றும் வாங்கிக்கவில்லை. 2019 ஏப்ரல் 8-ல் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது, ஊரே பட்டாசு வெடித்தது. சரி, பத்து நாளில் அரூருக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் இடைத்தேர்தல். சாலையைக் கொண்டுவந்தே தீருவேன் என்று நின்ற அதிமுகதான் இரண்டிலும் ஜெயித்தது! நிலத்துக்கு ஒருத்தர், ஓட்டுக்கு வேறொருத்தர், எங்க சனம் அப்படித்தான். 2020 கடைசியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை மாற்றினப்போ மறுபடி அவர் வீட்டு வாசலில்தான் போய் நின்றோம், அவரும் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை.

கிருஷ்ணகிரி கூழ்:
ரெண்டு பேரும் சொல்றது பாதிதான் சரி. கூழ் ஆலைக்குப் போற பெங்களூரா மாங்காய் விலை விழுந்த வருஷம் கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஆளுங்கட்சிப் பக்கம் இருந்த தோட்டக்காரர்கள், அவங்க காயும் மரத்திலேயே பழுத்து விழுந்துட்டு இருக்கு, வாயே திறக்கல. எதிர்க்கட்சியில் இருக்கிற எங்க சங்கத்துக்காரர்தான் எழுந்து, கூழ் ஆலைக்காரங்க, வியாபாரிங்க, விவசாயிங்க மூணு தரப்பையும் உட்கார வெச்சு விலை பேசுங்கன்னு மைக்கை விடாமல் கேட்டார். வெளியே வந்ததும், "ஏண்ணா, அந்தப் பக்கம் போயிருந்தா இந்நேரம் வாரியத் தலைவர் ஆகியிருப்பீங்களே" என்று கிண்டலா கேட்டேன். "ஆகியிருப்பேன் தம்பி, இன்னைக்கு நானும் அவங்களோட வாய மூடிட்டு உக்காந்திருப்பேன்" என்றார். அவருக்கு நான் ஓட்டுப் போட்டேனா என்று மட்டும் கேட்காதீங்க.