அப்பாவின் செல்பேசி எண்ணையும் கணக்குகளையும் என்ன செய்வது?

கேட்டவர்: இரவுநகர்வு

அப்பா காலமாகிச் சில வாரங்கள் ஆகின்றன. அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்த ஒரே பொழுதுபோக்கு இணையச் சதுரங்கம்தான். ஒவ்வொரு நகர்வுக்கும் சில நாள் அவகாசம் தரும் முறையில் ஆடுவோம். நான் வேலை முடிந்து இரவில் ஒரு காயை நகர்த்தி வைத்தால், விடிவதற்குள் அவருடைய பதில் வந்திருக்கும். நலம் விசாரிப்பதும் பெரும்பாலும் அந்தப் பலகையிலேயே முடிந்துவிடும். குதிரையை அநியாயமாகப் பறிகொடுத்திருந்தால், அவருக்கு முந்தைய இரவு தூக்கம் சரியில்லை என்று பொருள். கடைசி ஆட்டத்தில் அவருடைய முறை வந்தபோது அவர் மருத்துவமனையில் இருந்தார். எல்லாம் முடிந்து நான் செயலியைத் திறந்தபோது, எதிராளியின் நேரம் தீர்ந்துவிட்டதால் நான் வென்றதாக அறிவிப்பு வந்திருந்தது. தரப்புள்ளியையும் கூட்டிக் கொடுத்திருந்தார்கள்.

அவருடைய செல்பேசி என்னிடம்தான் இருக்கிறது, அதைத் திறக்கும் எண்ணும் தெரியும். இணைப்புக்கு வீணாகக் கட்டணம் கட்டுவானேன் என்று தம்பி கேட்கிறான். அம்மா எதுவும் சொல்வதில்லை. எண்ணை ரத்து செய்யலாமா? அவருடைய கணக்கில் நுழைந்து எங்கள் ஆட்டங்களை எடுத்து வைப்பது முறையா? இன்னொன்றும் உண்டு. சதுரங்கம் ஆடிய அந்த இரவு நேரத்தை இப்போது அலுவலக மின்னஞ்சல்கள் பிடித்துக்கொண்டுவிட்டன. மேலாளருக்கு என் சுறுசுறுப்பு பிடித்திருக்கிறது, எனக்குத்தான் பிடிக்கவில்லை.

மறுமொழி: பழையவன்பொருள்

எண்ணை இப்போது ரத்து செய்யாதீர்கள். மின்னஞ்சல் முதல் காப்பீடு வரை பெரும்பாலான கணக்குகளின் சரிபார்ப்புக் குறியீடு அந்த எண்ணுக்குத்தான் வரும். நீங்கள் கைவிட்ட எண்ணை நிறுவனம் சில காலம் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அதன் பிறகு அந்தக் குறியீடுகள் முன்பின் தெரியாத ஒருவரின் கைக்குப் போகும். இறப்புச் சான்றிதழைப் பெற்றுக்கொண்டு எண்ணைக் குடும்பத்தினர் பெயருக்கு மாற்றித் தரும் நிறுவனங்கள் பல உண்டு. முதலில் அதை விசாரியுங்கள். கட்டணம்தான் தம்பியின் கவலை என்றால், இருப்பதிலேயே குறைந்த திட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

வாட்ஸப் பொதுவாக 120 நாள் பயன்பாடின்றிக் கிடக்கும் கணக்கை நீக்கிவிடுகிறது. செயலியை அழிக்காதவரை, செல்பேசியில் ஏற்கெனவே இருக்கும் உரையாடல்கள் அப்படியே இருக்கும். ஆனாலும் கருவியை நம்பி உட்கார்ந்திருக்காமல் குரல் பதிவுகளை இப்போதே வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். படங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அவை பலரிடமும் இருக்கும், குரல் அப்படியல்ல. கூகுள் இரண்டு ஆண்டுகள் தொடாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் நீக்கத் தொடங்கியது, அதில் புகைப்படங்களும் சேர்ந்தே போகும். ஆகவே அங்கே உங்களுக்கு அவகாசம் இருக்கிறது, ஆனால் முடிவில்லாத அவகாசம் இல்லை.

ஆட்டங்களைப் பொறுத்தவரை, அவருடைய கணக்குக்குள் போகவே தேவையில்லை. இருவரும் ஆடியவை உங்கள் கணக்கின் வரலாற்றிலும் இருக்குமே. அங்கிருந்து பிஜிஎன் கோப்பாக, அதாவது ஆட்டத்தின் நகர்வுகளை வரிசையாக எழுதி வைக்கும் கோப்பாக, இறக்கிக்கொள்ளுங்கள். 1993இல் உருவான அந்த வடிவம் வெறும் எழுத்துக் கோப்புதான் என்பதால், அந்தத் தளமே நாளை மூடப்பட்டாலும் பெரும்பாலான சதுரங்க மென்பொருள்களில் திறக்கும். அவருடைய வங்கிச் செயலியை மட்டும் திறக்க வேண்டாம். கடவுச்சொல் தெரியும் என்பது வேறு, உரிமை இருக்கிறது என்பது வேறு. வங்கிக்கு முறைப்படி தெரிவித்து வாரிசு நடைமுறையில் போவதுதான் பின்னால் தம்பிக்கும் உங்களுக்கும் மனத்தாங்கல் வராமல் காக்கும்.

மறுமொழி: இரண்டாம்ஷிப்ட்

மேலே சொன்னவற்றில் குரல் பதிவையும் எண்ணையும் ஒப்புக்கொள்கிறேன். மற்றவற்றில் அவசரமே வேண்டாம் என்பேன். என் தாயார் மறைந்த பிறகு அவருடைய கோப்புகளை ஆண்டுவாரியாகப் பிரித்து, பெயரிட்டு, மூன்று இடங்களில் சேமிக்கும் வேலையில் இறங்கினேன். பார்ப்பவர்கள் பொறுப்பான பிள்ளை என்று மெச்சினார்கள், நானோ பகலில் அலுவலகத்தில் செய்த அதே வேலையை இரவில் வீட்டிலும் செய்துகொண்டிருந்தேன். நீங்கள் சொல்லும் மின்னஞ்சல்களும் அந்த வகைதான் என்று தோன்றுகிறது. அழுகை வரும் நேரத்துக்கு வேலை நல்ல காவல்காரன், அவ்வளவு சுலபத்தில் உள்ளே விடாது. மேலாளர் அதைத் தானாக நிறுத்தச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அவருக்கு அதில் நட்டம் எதுவும் இல்லை. இரவில் பதில் வராது என்று நீங்களே ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். காரணம் கூற வேண்டிய அவசியம்கூட இல்லை.

அந்த நேரத்தை உடனே வேறு எதனாலும் நிரப்பவும் வேண்டாம். முகம் தெரியாதவரோடு ஆடிப் பார்த்தால் ஆட்டம் மட்டும்தான் இருக்கும், நீங்கள் தேடுவது அதுவல்ல. தம்பிக்குக் காய் நகர்த்தத் தெரியுமா?

மறுமொழி: இரவுநகர்வு

இருவருக்கும் நன்றி. எண்ணை என் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கிறேன். குரல் பதிவுகளைப் படியெடுக்கப் போனபோது, பாதிக்கு மேல் அவர் அம்மாவுக்கு அனுப்பியவை என்று தெரிந்தது. அவற்றை நான் கேட்கவில்லை, அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிடுவதாக இருக்கிறேன். தம்பிக்கு ஆடத் தெரியும், ஆனால் தோற்றால் இரண்டு நாள் பேசமாட்டான்.

மறுமொழி: பழையவன்பொருள்

நல்ல முடிவு. செல்பேசியை அணைத்து உள்ளே வைக்கப்போகிறீர்கள் என்றால், மின்கலத்தை முழுதாகத் தீரவிடாமல் பாதி அளவில் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பாதிவரை ஏற்றுங்கள். அப்படியே உங்கள் கணக்கையும் ஒரு பார்வை பாருங்கள். நீங்கள் குறிப்பிடும் காலம்வரை கணக்கு அசையாமல் இருந்தால் யாருக்கு எதைத் தரலாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் வசதி கூகுளில் 2013 முதல் இருக்கிறது. ஆப்பிள் கருவி வைத்திருந்தால், அங்கே ஐந்து பேர் வரை பெயர் கொடுக்கலாம்.