நாற்பதை நெருங்கும் வயதில் பிராந்திய ராணுவ அதிகாரி ஆக முடியுமா?

கெடிலக்கரை, கடலூர்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 39 வயது ஆகிறது. சிப்காட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். கல்லூரியில் தேசிய மாணவர் படையில் இருந்தபோதே ராணுவ அதிகாரியாக வேண்டும் என்ற ஆசை இருந்தது. ஆனால் அப்பா திடீரென்று காலமானதால், தேர்வுக்குப் போகாமல் கிடைத்த வேலையில் சேர்ந்தேன். வேலையில் இருந்துகொண்டே பிராந்திய ராணுவத்தில் (டெரிட்டோரியல் ஆர்மி என்னும் பகுதிநேரப் படையில்) அதிகாரியாகச் சேரலாம் என்கிறார்கள். இந்த வயதில் முயல்வது பொருத்தமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மஞ்சக்குப்பத்தார்:

தம்பி, விண்ணப்பிக்கும் நாளில் 18 முதல் 42 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பதே விதி. பட்டமும், வேலை அல்லது சொந்தத் தொழில் வழியான வருமானமும் வேண்டும். ஆகவே உங்களுக்குத் தகுதி உண்டு, காலம்தான் குறைவு. இடங்களும் மிகக் குறைவு. 2025 மே மாத அறிவிப்பில் 19 இடங்களே இருந்தன. எழுத்துத் தேர்வில் தர்க்க அறிவு, அடிப்படைக் கணிதம், பொது அறிவு, ஆங்கிலம் ஆகியவை வரும். அதன்பின் முதற்கட்ட நேர்காணல், எஸ்எஸ்பி எனப்படும் ராணுவ அதிகாரித் தேர்வு வாரியத்தின் தேர்வு, மருத்துவப் பரிசோதனை.

நான் 40 வயதில் பெங்களூரு எஸ்எஸ்பி வரை சென்று திரும்பியவன். ஓட்டத்தை நினைத்துத்தான் பயந்தேன். தேவனாம்பட்டினம் கடற்கரையில் விடியற்காலையில் ஓடிப் பழகியதால் உடம்பு ஒத்துழைத்தது. இடறியது வேறிடத்தில். கயிறும் பலகையும் கொண்டு தடையைக் கடக்கும் குழுப் பணியில், பதினைந்து ஆண்டுகள் ஆட்களை வேலை வாங்கிய பழக்கத்தில், நான் எடுத்த எடுப்பிலேயே கட்டளையிடத் தொடங்கிவிட்டேன். பக்கத்தில் இருந்த இளைஞர் சொன்ன எளிய வழி என் காதில் விழவே இல்லை. தேர்வாகாததன் காரணத்தை அங்கே சொல்வதில்லை. ஆனாலும் அதுதான் என்று இன்றும் நம்புகிறேன். நம் வயதில் கேட்கப் பழகுவதற்குத்தான் பயிற்சி அதிகம் தேவை.

கடற்கரைச் சாலை, புதுச்சேரி:

பிராந்திய ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். 1949 அக்டோபர் 9 அன்று ராஜாஜி தொடங்கி வைத்த இந்தப் படையின் அடிப்படையே, உறுப்பினருக்கு வேறொரு பிழைப்பு இருக்க வேண்டும் என்பதுதான். இதை இரண்டாவது வேலையாகக் கருதி வருபவர்கள் ஏமாந்து போகிறார்கள். முதல் ஆண்டில் 30 நாள் அடிப்படைப் பயிற்சி, அதன்பின் ஆண்டுக்கு இரண்டு மாத முகாம், முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் 90 நாள் அதிகாரிப் பயிற்சி ஆகியவை உண்டு. பணியில் இருக்கும் நாட்களுக்கு மட்டுமே ராணுவ ஊதியம் கிடைக்கும். தேவை வந்தால் மாதக்கணக்கில், சில வேளைகளில் அதற்கும் மேலாக, எல்லைப் பகுதிக்கும் அழைக்கப்படலாம்.

அப்படி அழைக்கப்பட்டவரைத் திரும்ப வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டிய கடமையை 1948ஆம் ஆண்டுப் பிராந்திய ராணுவச் சட்டம் நிறுவனத்தின் மீது வைத்திருக்கிறது. ஆயினும் சட்டத்தைக் காட்டி விடுப்பு கேட்கும் நிலைக்கு வராமல், முன்கூட்டியே மேலதிகாரியிடம் பேசி எழுத்தில் வாங்கி வைப்பதே நல்லது. பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாய்களாக இருந்த சொல்தாக்களின் குடும்பங்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. சீருடை போட்டவரின் பாரத்தில் பாதி வீட்டில் இருப்பவர்கள் தோளில்தான் இருந்தது என்று அந்த வீட்டுப் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கெடிலக்கரை, கடலூர்:

அண்ணன் சொன்னதையும் ஐயா சொன்னதையும் அம்மாவுக்கும் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். அம்மா உடனே சம்மதித்தார். மனைவி, மகளின் பத்தாம் வகுப்புத் தேர்வு முடியட்டும் என்கிறார், அது நியாயம்தான். ஐயா, எங்கள் ஆலையின் ஆண்டுப் பராமரிப்பு நிறுத்தத்தின்போது நான் கட்டாயம் இருந்தாக வேண்டும். முகாம் மாதத்தை நாம் தேர்ந்தெடுக்க இயலுமா?

கடற்கரைச் சாலை, புதுச்சேரி:

முகாமின் காலத்தைப் படைப்பிரிவுதான் முடிவு செய்யும், தம்பி. நிறுத்த நாட்களில் உங்கள் பொறுப்பை ஏற்க ஒருவரை இப்போதிருந்தே பழக்குங்கள்.