தேசிய ஓய்வூதிய முறை எதிர்பார்த்த பலனைத் தராதது ஏன்?

கேள்வி:
வணக்கம். 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோருக்கு, முப்படையினர் நீங்கலாக, தேசிய ஓய்வூதிய முறை நடைமுறைக்கு வந்தது. இதில் ஊழியரும் அரசும் மாதந்தோறும் செலுத்தும் தொகை சந்தையில் முதலீடு செய்யப்பட்டு, திரளும் தொகையைப் பொறுத்தே ஓய்வூதியம் அமையும். அரசின் ஓய்வூதியச் சுமை குறையும், அமைப்புசாராத் தொழிலாளருக்கும் முதுமையில் வருமானம் கிடைக்கும் என்று அப்போது சொல்லப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் இவ்விரண்டும் அரைகுறையாகவே நிற்பதற்குக் காரணம் வடிவமைப்பா, நடைமுறையா? விவரமறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
சுமை குறையும் என்றவர்கள் எப்போது குறையும் என்பதை அழுத்திச் சொல்லவில்லை. 2003இல் தமது 25ஆம் வயதில் பணியில் சேர்ந்தவர் 2038இல்தான் ஓய்வு பெறுவார்; அதன்பின் அவருக்கும், அவர் காலத்துக்குப் பிறகு அவருடைய குடும்பத்துக்கும், அரசே தன் வருவாயிலிருந்து உறுதியான தொகையைத் தரும் பழைய முறைப்படியே ஓய்வூதியம் வழங்கியாக வேண்டும். அதே காலத்தில், புதிதாகச் சேர்ந்தவர்களின் கணக்கில் அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் முதலில் 10 விழுக்காட்டையும், 2019 ஏப்ரல் முதல் 14 விழுக்காட்டையும் மத்திய அரசு மாதந்தோறும் செலுத்தி வருகிறது. ஆக, ஒரு தலைமுறைக் காலம் இரட்டைச் செலவு. மிச்சமாவது யாரோ ஒரு பிற்கால அரசுக்கு, ஊழியர்களின் அதிருப்தியோ இன்றைய அரசுக்கு. 2022, 2023 ஆண்டுகளில் ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், பஞ்சாப், இமாச்சலப் பிரதேசம் ஆகியவை பழைய திட்டத்துக்குத் திரும்புவதாக அடுத்தடுத்து அறிவித்ததில் எனக்கு வியப்பில்லை. மத்திய அரசும் 2025 ஏப்ரலில் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்து, 25 ஆண்டு பணி முடித்தவருக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படை ஊதியத்தில் பாதியை உறுதி செய்தது. சந்தை இடரை ஊழியர் ஏற்க வேண்டும் என்ற மூலக்கருத்தே இங்கு பெருமளவு கைவிடப்பட்டுவிட்டது.

மறுமொழி 2:
இரண்டாவது எதிர்பார்ப்பின் கதை இன்னும் வருத்தத்துக்குரியது. முதுமைக்கால வருமானப் பாதுகாப்பு குறித்து ஆராய்ந்து 2000இல் மத்திய அரசுக்கு அறிக்கை அளித்த தவே குழு முதன்மையாக எண்ணிப் பார்த்தது அமைப்புசாராத் தொழிலாளரைத்தான். ஆனால் திட்டம் முதலில் அரசு ஊழியருக்கு வந்தது. பிற குடிமக்களுக்கு 2009 மே மாதத்தில்தான் கதவு திறந்தது. மாதந்தோறும் ஊதியத்தில் பிடித்தம் செய்ய முதலாளி இல்லாத கட்டடத் தொழிலாளியும் வீட்டு வேலை செய்பவரும் தாமாக முன்வந்து முப்பது ஆண்டுகள் தவறாமல் சேமிப்பார்கள் என்று நம்பியது பெரும்பிழை. 2015இல் வந்த அடல் ஓய்வூதியத் திட்டம் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை உறுதியளிக்கிறது. ஆனால் அந்தத் தொகை விலைவாசியோடு உயர்வதில்லை. இன்று 18 வயதில் சேர்பவருக்கு 42 ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் 5,000 ரூபாய், விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறுவதாகக் கொண்டால், இன்றைய மதிப்பில் 650 ரூபாய்கூட இராது.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. தமிழ்நாட்டில் அரசு ஊழியருக்கான சிபிஎஸ் எனப்படும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டமும் இதே வகைதானா?

மறுமொழி 1:
முழுவதும் அப்படியில்லை. இங்கு அது 2003 ஏப்ரல் 1 முதலே, அதாவது மத்திய அரசுக்கும் முன்பாகவே, நடைமுறைக்கு வந்தது. எனினும் மாநில அரசு அந்த நிதியைத் தேசிய ஓய்வூதிய முறையில் சேர்க்காமல் தன் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டது. அதனால், இத்திட்டத்தின்கீழ் ஓய்வு பெற்றவர்கள் திரண்ட தொகையை மொத்தமாகப் பெற்றுச் சென்றனரேயன்றி, மாத ஓய்வூதியம் பெறவில்லை.