ஃபினியலுக்குத் தமிழ்: கலசமா, குமிழா? கொழுந்து என்கிறேன்

நண்பர்களுக்கு வணக்கம்.

மரச் சிமிழின் மூடிமேல் ஒல்லியாக எழுந்து நிற்கிற உச்சித் துண்டை ஆங்கிலத்தில் ஃபினியல் என்கிறார்களே, அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நாலு நாளாகப் பேச்சு ஓடுகிறது. கலசம், தூபி, குமிழ், கொண்டை, முடிமணி என்று ஐந்து சொல் வந்துவிட்டது. ஒன்றைக் கடைந்து முடித்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம் என்றுதான் நான் இதுவரை வாய் திறக்கவில்லை. நேற்று முடிந்தது. என் பரிந்துரை கொழுந்து. மூடியோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் மூடிக்கொழுந்து.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால் பொருளைப் பார்த்துவிடுவோம். படத்தில் பார்ப்பதற்கும் கையில் செய்து பார்ப்பதற்கும் சொல் மாறிவிடுகிறது.

சிமிழ் பூவரசில் செய்தது. இரண்டேகால் அங்குல அகலம், மூடியோடு சேர்த்து இரண்டரை அங்குல உயரம். கட்டையைக் கடைசல் பொறியில் இரண்டு முனையிலும் பிடித்து முதலில் உருட்டாக்கி, சக் (கட்டையைக் கவ்விச் சுழற்றும் பிடி) கவ்வுவதற்கு இரு பக்கமும் முளை விட்டு, மூடிக்கான பங்கை ஒல்லி உளியால் வெட்டிப் பிரிக்க வேண்டும். அந்த வெட்டு எவ்வளவு ஒல்லியோ அவ்வளவுக்கு மூடியின் ரேகையும் உடலின் ரேகையும் விட்டுப்போகாமல் சேரும். மூடியை முதலில் குடைவது. அப்புறம் உடலின் வாயில் ஒரு விளிம்பு விட்டு, மூடி அதில் இறுக்கமாக உட்காரும்வரை மயிரிழை மயிரிழையாகக் கழிப்பது. இறுக்கமாக உட்கார்ந்துவிட்டால் இரண்டையும் ஒன்றாகவே வைத்து வெளிப்புறத்தைக் கடையலாம், கடைசியில்தான் அந்த இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துவது.

மூடி நடுவில் ஆறு மில்லிமீட்டர் துளை. கொழுந்துக்குத் தனிக் கட்டை, கருங்காலி. நுண்ணிய விளிம்பு உதிராமல் நிற்க அந்த மாதிரி நெருக்கமான மரம் வேண்டும், ரேகை நீளவாக்கில் நேராக ஓடவும் வேண்டும். கொஞ்சம் சாய்ந்து ஓடினாலும் ஒல்லியான இடத்தில் அந்தச் சாய்விலேயே பிளந்துகொள்ளும். இதை ஒரு முனையில் மட்டும் சக்கில் பிடித்து, நுனியில் தொடங்கி சக்கை நோக்கி வர வேண்டும். நுனியில் அரை அங்குலம் கடைந்தால் அந்த அரை அங்குலத்துக்கு அங்கேயே உப்புத்தாள் போட்டு, மெருகும் கொடுத்து முடித்துவிட வேண்டும். அடுத்த அரை அங்குலத்துக்கு நகர்ந்தபின் பழைய இடத்துக்குப் போக வழியில்லை, தாங்கிக்கொண்டிருந்த மரத்தை நாமே கழித்துவிட்டோம், உளி தொட்டால் நுனி அதிரும், அதிர்ந்தால் முறியும். நான் முதல் இரண்டை அப்படித்தான் முறித்தேன். ஒரு மணியின், அதாவது உருண்டு எழும் வளையத்தின், விளிம்பு சரியாக விழவில்லை என்று திரும்பிப் போனேன், டக்கென்று நுனி காணாமல் போனது. மூன்றாவதில் இடது கை ஆள்காட்டி விரலைப் பின்னால் அணைவாகக் கொடுத்து, ஒரு முறைகூடத் திரும்பாமல் வந்தேன். மூன்று அங்குல நீளம், நுனி தீக்குச்சியைவிட ஒல்லி.

இதுதான் பொருள். ஒரே துண்டு, ஒல்லி, மேலே போகப் போக இன்னும் ஒல்லி. இனி வந்த சொற்கள்.

> கோபுரத்து உச்சியில் இருப்பது கலசம்தானே, அதையே வைத்துக்கொள்ளலாம்

கலசம் என்றால் குடம். கோயில் கலசத்துக்குள் தானியம் போட்டு வைக்கிறார்கள் என்பதே அது பாத்திரம் என்பதற்குச் சாட்சி. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் 1010இல், தன் 25ஆம் ஆட்சியாண்டில், விமானத்து உச்சியில் வைக்கக் கொடுத்தது 3083 பலம் (பலம் பழைய எடையளவு) நிறையுள்ள செப்புக்குடம். அந்தக் குடத்தை எதன்மேல் வைத்தார்கள் என்பதற்குக் கல்வெட்டு தனிச் சொல் தருகிறது: ஸ்தூபித்தறி. நடுவில் நிற்கும் தறி, அதாவது கம்பம், வேறு, அதன்மேல் உட்காரும் குடம் வேறு என்று ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். நம்முடைய பொருளில் அந்தப் பிரிவே இல்லை. அதோடு சிமிழே ஒரு பாத்திரம், அதன் தலையில் கலசம் என்று இன்னொரு பாத்திரத்தின் பெயரை வைத்தால் "கலசத்தைக் குடைந்தேன்" என்று எழுதும்போது படிப்பவர் எதைக் குடைந்ததாக எடுத்துக்கொள்வார்? சிலர் உண்மையிலேயே உச்சியில் ஒரு சின்னக் குட வடிவம் வைத்துக் கடைவதுண்டு. கலசம் என்ற சொல்லை அதற்கு விட்டுவைப்போம், கலசக் கொழுந்து என்று.

தூபி என்பதற்கும் இதே பதில்தான். அது கட்டடத்தோடு ஒட்டிக்கொண்ட சொல், உள்ளங்கையில் அடங்குகிற சாமானுக்குக் கனமாக இருக்கிறது.

> குமிழ் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

குமிழ் நல்ல சொல், அதனாலேயே அதைக் காப்பாற்ற வேண்டும் என்கிறேன். பாதக்குறட்டில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொள்ளும் உருண்டை குமிழ், கதவில் பிடித்து இழுப்பது குமிழ், வானொலியில் திருகுவதும் குமிழ். எல்லாமே விரலுக்குப் பிடி கொடுப்பவை, உருண்டை. மூடியைத் தூக்குவதற்காக வைக்கிற குட்டையான பிடிக்கும் அதுதான் பெயர், குங்குமச் சிமிழில் பார்த்திருப்பீர்கள். மூன்று அங்குலக் கருங்காலியைப் பிடித்து யாராவது மூடியைத் திறந்தால் அது அன்றைக்கே முறிந்துவிடும். மூடியின் தோளைப் பிடித்துத்தான் திறக்க வேண்டும். வேலை வேறு, வடிவம் வேறு, ஆகவே சொல்லும் வேறாக இருக்கட்டும்.

கொண்டை என்று சொன்னவருக்கு: ஆணிக் கொண்டை, கொண்டை ஊசி, பெண்கள் போடும் கொண்டை, எதை எடுத்தாலும் தாங்கும் காம்பைவிடக் கொண்டை பருமன். இங்கே நேர்மாறு. முடிமணி காதுக்கு அழகாக இருக்கிறது, ஆனால் கடைசலில் உருண்டு எழும் ஒவ்வொரு வளையத்துக்கும் மணி என்ற சொல் தேவைப்படுகிறது. அதை இங்கே செலவழித்துவிட்டால் அதற்கு எங்கே போவது?

சரி, கொழுந்து எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். சிமிழை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பட்டறையில் கட்டில் காலும் தொட்டில் கம்பும் கடைகிற அண்ணாச்சியிடம் போனேன். எழுபது வயது தாண்டியவர். சொல் எதுவும் சொல்லாமல் கையில் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். மூடியைத் திறந்து, திரும்ப வைத்து, அது காற்றைத் தள்ளிக்கொண்டு மெல்ல இறங்குவதைப் பார்த்தார். பிறகு கட்டைவிரல் நகத்தை அடியில் வைத்து மேலே கொண்டுபோனார். "இது மணி, இது கழுத்து, இன்னொரு மணி..." அதற்கு மேல் நகத்தை வைக்காமல் நுனியைக் கண்ணாலேயே பார்த்துவிட்டு, "இது கொழுந்தால்லா போயிருக்கு தம்பி" என்றார். கட்டில் கால் உச்சியில் இருப்பதைக் காட்டி அது என்ன என்று கேட்டேன். யோசிக்காமல் "அது குமிழு" என்றார்.

அவர் தொழில்பெயராகச் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன், உவமையாகத்தான் சொன்னார். ஆனால் தொழில்பெயர்கள் பெரும்பாலும் இப்படித்தானே பிறந்திருக்கின்றன. தயிரைக் கடைவதும் மரத்தைக் கடைவதும் ஒரே வினைச்சொல்லாக இருப்பதற்குக் காரணம், பழைய கடைசலில் கயிற்றை முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றியது மத்தை இழுப்பது போலவே இருந்ததுதான் என்று நினைக்கிறேன்.

தீக்கொழுந்து, வெற்றிலைக் கொழுந்து, மரிக்கொழுந்து என்று நாம் சொல்லும் எல்லாவற்றிலும் கொழுந்து என்பது தண்டிலிருந்தே எழுந்து ஒடுங்கி முடிகிற நுனி. "கொழுந்து இளசாக, மெத்தென்று இருக்குமே, கருங்காலிக்கு எப்படிப் பொருந்தும்" என்று ஒருவர் தனியாக எழுதிக் கேட்டிருந்தார். தீயில் இளசு ஏது? அங்கே வடிவத்தை வைத்துத்தான் சொல்கிறோம், இங்கேயும் அதேதான்.

இந்தச் சொல்லில் எனக்கு இன்னொரு லாபமும் கிடைத்தது, இது கடைபவர்களுக்கு. வெற்றிலைக் கொடியின் நுனியைப் பாருங்கள், மேலே போகப் போகக் கணு நெருங்கும், இலை சிறுக்கும். என் முதல் கொழுந்தில் மூன்று மணியும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. முறியாமல் இருந்திருந்தாலும் அது படிக்கட்டுக் கைப்பிடியின் கடைசல் கம்பு மாதிரிதான் இருந்திருக்கும். மூன்றாவதில் அடி மணியைப் பெரிதாக விட்டு, அடுத்ததைப் பாதியாக்கி, அதற்கு மேல் மணியே இல்லாமல் நீளக் குழிவாகவே நுனிவரை கொண்டுபோனேன். மூடியின் வளைவு அடி மணியில் முட்டி நிற்காமல் அதனடியில் புகுந்து மேலே ஏறுவதுபோலத் தெரிய வேண்டும், அதில்தான் மொத்த அழகும் இருக்கிறது. அமெரிக்காவில் இந்த வகைச் சிமிழுக்குப் பேர்போன சிண்டி டிரோஸ்டாவின் வேலைகளைப் படத்திலாவது பாருங்கள்.

கடைசியாக, இந்த மூடி போட்ட மரப் பாத்திரத்தைச் சிமிழ் என்பதா செப்பு என்பதா என்று கேட்டிருந்தீர்கள். செப்பு பழைய சொல், அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமானில் இன்றும் உயிரோடு இருக்கிறது. "செப்பின் புணர்ச்சிபோல் கூடினும் கூடாதே உட்பகை உற்ற குடி" என்ற 887ஆம் குறளில் செப்பின் புணர்ச்சி என்பது மூடியும் உடலும் சேரும் சேர்க்கைதான். கடைபவனுக்கு அந்த உட்பகை நன்றாகத் தெரியும். காயாத மரத்தில் செய்தால் இன்றைக்கு வட்டமாகப் பொருந்திய மூடி மரம் காயக் காய முட்டை வடிவமாகிக் கவ்விக்கொள்ளும், ஏனென்றால் மரம் வருட வளையத்தின் போக்கில் சுருங்குவது குறுக்கே சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதற்காகத்தான் முரட்டு வடிவில் குடைந்து மாதக்கணக்கில் ஆறப்போட்டுவிட்டுப் பிறகு முடிக்கிறோம். அந்தப் பொருத்தத்துக்கு "செப்புப் பொருத்தம்" என்ற பெயரை எடுத்துக்கொள்ளலாம். பாத்திரத்துக்கு மட்டும் சிமிழ் போதும், செப்பு என்றால் பலருக்கு இப்போது தாமிரம்தான் நினைவுக்கு வருகிறது.

அம்பாசமுத்திரம் பக்கம் இருப்பவர்கள் ஒரு உதவி செய்யுங்கள். அங்கே கடைபவர்கள் யாரிடமாவது இதைக் கேட்டுச் சொல்லுங்கள். படத்தைக் காட்டிக் கேளுங்கள், கொழுந்து என்ற சொல்லை முதலில் சொல்லிவிடாதீர்கள். அவர்களிடம் வேறு பெயர் ஏற்கனவே இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம், என்னுடையதை நான் விட்டுவிடுகிறேன்.